பாஸ்போர்ட் என்னிடம், புருஷன் ஹாட் யாயில்

மெர்ச்சண்டைசர் வேலை என்றால், பனியன் கம்பெனி சார்பில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் பொய் சொல்வதும், பையர் சார்பில் கம்பெனியிடம் கோபப்படுவதும்தான். சாம்பிள் தைப்பதிலிருந்து பெட்டி லாரி ஏறுகிற வரைக்கும், ஆர்டர் எங்கே நிற்கிறது என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நாம். திருப்பூரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை மல்லாக்க வைத்துக்கொண்டு சாப்பிடுகிற என் இனத்தார்தான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பாங்காக்கில் ரயிலேறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, எல்லையைத் தாண்டி மலேசியாவுக்குப் போன கதை இது.

லீவு

எங்கள் ஜி.எம். நல்ல மனுசர். லீவு என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் சரியாக விழாது. நான் எல்லா ஆர்டரையும் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எந்தக் கேள்வி வந்தாலும் பதிலோடுதான் அவர் ரூமுக்குப் போனேன்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார். இல்லீங்க சார் என்றேன். "ஆஸ்பத்திரியா?" இல்லீங்க. "பழநிக்கு எதாச்சும் வேண்டுதலா?" அதுவும் இல்லீங்க. "சும்மா ஊர் சுத்திப் பாக்கத்தானுங்க சார், நானும் அவரும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா பூங்கொடி, ஊட்டுல ரெண்டு பேருக்கும் எதாச்சும் பிரச்சினையா?"

முதுகுப் பை

பிரச்சினை இல்லை என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியாது. என் கணவர் கதிர்வேல் பனியனில் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் குன்னத்தூர். அவர் வீட்டுக்கு வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏம்புள்ள, நாம ரெண்டு பேரும் ஒரே ஊர்லதான் இருக்கறமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். ரயிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விமானத்தில் உட்கார்ந்தால் மனுசர் தூங்கிவிடுவார். ரயிலில்தான் பேசுவார்.

கிளம்புகிற அன்றைக்கு, எங்கள் பெண்ணைக் கூட்டிப் போக வெள்ளகோவிலிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி பையும் ஒரே மாதிரி ஷூவுமாக வாசலில் நிற்பதை மேலும் கீழும் பார்த்துவிட்டு நங்கையா சொன்னார்: "ஏன்டா கதிரு, கல்யாணமாயி இத்தன வருசங் கழிச்சு, கட்டுனவளையே கூட்டிக்கிட்டு ஓடிப் போறியாக்கும்?"

சைடு சீம்

பாங்காக்கில் மத்தியானம் ரயில் ஏறினோம். எதிரும் புதிருமாக சீட்டு, பொழுது சாய்ந்ததும் பெட்டி ஊழியர் வந்து அதையே படுக்கையாக்கி, வெள்ளை விரிப்பும் போட்டுக் கொடுக்கிறார். நான் நினைத்தது போலவே என் கணவர் பேசினார். முதல் மிஷின் வாங்கிய கதை, நான் கேட்டிராத கதை, முழுசாக வந்தது. வெளியே தென்னையும் வயலுமாகப் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பக்கம், கணியூருக்குப் போகிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஜன்னலில் பார்த்தார்.

பக்கத்து சீட்டில் நெதர்லாந்துக்காரத் தம்பதி. அந்த ஆள் போட்டிருந்த டி-சர்ட்டில் கண் போய்விட்டது. துணியைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தைத்தால், இரண்டு தடவை துவைத்ததுமே பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். அவருக்குத் தொப்புளுக்கே வந்திருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பிக்கொண்டேன். அவர் மேலே பை எடுக்கக் கையைத் தூக்கினார், நான் என்னையறியாமல் குனிந்து கீழ்மடிப்பைப் பார்த்தேன். அவர் மனைவி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்: "வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைச் சொன்னேன், ஆளை இல்லை."

சூடா ஒரு டீ

அந்த ரயிலில் ஒரு விசேஷம். பெரும்பாலான பெட்டிகள் ஹாட் யாய் என்ற ஊர் வரைக்கும்தான். அங்கே முன்பக்கம், எங்கள் சீட்டு இருந்த பெட்டியோடு சேர்த்து, இரண்டு பெட்டியை மட்டும் கழற்றி எல்லைக்கு ஓட்டிப் போவார்கள். இதை நான் முன்பே படித்திருந்தேன். அவரிடம் சொல்லியும் இருந்தேன். அவர் "ம்" என்றும் சொல்லியிருந்தார்.

காலையில் ஹாட் யாய் வந்தது. "சூடா ஒரு டீ குடிச்சுட்டு வந்தறேன்" என்று இறங்கினார். வண்டி நிதானமாக நிற்கும் என்று நானும் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் மாற்றுகிறார்கள், இப்படித்தான் முன்னும் பின்னும் இழுப்பார்கள் என்று நினைத்தேன். வேகம் பிடித்தது. பிளாட்பாரம் முடிந்தது. ஊர் முடிந்தது. ரப்பர் தோட்டம் வந்துவிட்டது.

இரண்டு பெட்டியிலும் ஓடித் தேடினேன், கழிவறைக் கதவையெல்லாம் தட்டினேன். அவருடைய போன் என் பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில் இருந்தது. விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெட்டி ஊழியரிடம் என் கணவர் போட்டோவைக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார், அடையாளம் தெரிந்த மாதிரித் தலையாட்டினார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "மேடம், இது சின்ன ரயில். உங்கள் கணவர் பெரிய ரயிலில் இருக்கிறார்."

ஹோல்டு

எல்லையை ஒட்டி, மலேசிய மண்ணில் இருக்கிற ஸ்டேஷன் பெயர் பாடாங் பெசார். ஒரே கூடத்தில் இந்தப் பக்கம் தாய்லாந்து அதிகாரி முத்திரை குத்தி வெளியே அனுப்புவார், நாலு எட்டுத் தள்ளி மலேசிய அதிகாரி முத்திரை குத்தி உள்ளே விடுவார். ஷிப்மெண்ட் சிக்கலில் நான் முதலில் பார்ப்பது, கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத்தான். அதையே செய்தேன். இரண்டு பாஸ்போர்ட், இரண்டு போன், இரண்டு பை, தண்ணீர் பாட்டில், முறுக்கு எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை.

நெதர்லாந்துத் தம்பதி கூட இருக்கிறோம் என்றார்கள். வேண்டாம், உங்கள் அடுத்த ரயிலைப் பிடியுங்கள் என்று அனுப்பி வைத்தேன். தாய்லாந்துக் கவுண்டரில் இருந்த அதிகாரியம்மா என்னையும் வரச் சொல்லிக் கையசைத்தார். நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் தூக்கிக் காட்டி, "ஹஸ்பண்ட், ஹாட் யாய்" என்றேன். நீ போ, அவர் அப்புறம் வருவார் என்று சைகை செய்தார். பாஸ்போர்ட்டை நான் கொண்டுபோய்விட்டால் அவர் எப்படி வருவார்? முடியாது என்று தலையாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பீஸ் குறைந்தாலும் அட்டைப்பெட்டியை ஒட்ட விடாமல் நிறுத்தி வைப்போமே, அதே ஹோல்டுதான்.

கூடம் காலியான பிறகு அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று போட்டோகாரர் சொல்லியிருப்பார் போல, திட்டு வாங்கின பையன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அரைகுறை இங்கிலீஷ், அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது, கையில் ஒரு காகிதம் கிடையாது. போலீஸ்காரர் கேட்டால் என்ன சொல்வார்? எத்தனையோ ராத்திரி அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்காமலே நான் தூங்கியிருக்கிறேன். பட்டறையில்தானே இருப்பார் என்ற தைரியம். இப்போது எந்தத் திசையில் நினைப்பதென்றே தெரியவில்லை. கொஞ்சம் அழுதேன். துடைத்தால் தெரியாத அளவுக்குத்தான் அழுதேன், ஆனாலும் அந்த அதிகாரியம்மா பார்த்துவிட்டார். ஒரு பாட்டில் தண்ணீரோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்டவாளத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஒரே தண்டவாளம்தான். அவர் வந்தால் இங்கேதான் வந்தாக வேண்டும்."

திருப்பூரிலிருந்து தகவல்

வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. பிகாஷ். எங்கள் பட்டறையில் மூத்த பிரிண்டர், ஒடிசாக்காரன். திருப்பூரில் கற்றுக்கொண்ட தமிழில் எல்லாரையுமே 'அது' என்பான். "அக்கா, அண்ணன் போன் பண்ணுச்சு. ஸ்டேஷன்ல கடை வச்சிருக்கற அம்மா போன்ல பேசுச்சு" என்றான். எல்லைக்கு இன்னொரு ரயில் மத்தியானத்துக்குமேல் இருக்கிறதாம், அதில் வருகிறாராம், நான் அசையாமல் அங்கேயே இருக்க வேண்டுமாம்.

"பிகாஷ், உண்மையச் சொல்லு, அவுரு நல்லா இருக்காரா? பயந்து போயிருக்காரா?" என்றேன். அவன் என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னான்: "பயம் எல்லாம் இல்லக்கா. அண்ணன் ரெண்டு டீ குடிச்சுச்சு, இப்போ கோழி சாப்புடுது."

அதற்கப்புறம் நான் அழவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

வந்து சேர்ந்தார்

அந்த ரயில் வந்தது. எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாக அவர் இறங்கினார். கையில் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு போட்டு, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் டீ. எனக்காகத் தொங்கவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். கிட்டே வந்ததும் முதல் வேலையாக அதை என்னிடம் நீட்டினார். டீயை வாங்கிக்கொண்டேன்.

நின்றிருந்த பெரிய ரயிலில், எங்கள் பெட்டி மாதிரியே இருந்த ஒன்றில் ஏறி, நான் கழிவறைக்குப் போயிருப்பதாக நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். கூட்டுகிறவர்கள் வந்து எழுப்பிவிட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. "எனக்கு நேரா கூப்புட்டிருக்கலாமல்லங்க?" என்றேன். என் நம்பர் அவருக்குத் தெரியாது. போனில் பூங்கொடி என்று தொட்டால் போதும், எதற்கு மனப்பாடம்? பார்ட்டிகளுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் வருவது பட்டறை நம்பர் ஒன்றுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார்: "நான் எறங்குன ஸ்டேஷன்லயேதான் இருந்தேன் புள்ள. ரயிலுதான் நிக்காம போயிருச்சு."

கவுண்டரில் ஒரு தமிழர்

அதிகாரியம்மா இரண்டு பாஸ்போர்ட்டிலும் அடுத்தடுத்து முத்திரை குத்தினார். அடுத்த கவுண்டரில் மலேசிய அதிகாரி, தமிழர். பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை. கதிர்வேலின் நகக்கண்ணில் இருந்த மையைப் பார்த்தார். "வேலைக்கு வந்திருக்கீங்களா?" என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு வார்த்தை தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பையர் அனுப்புகிற ஆடிட்காரர்களுக்கு முன்னால் வருசம் பூராவும் நிற்கிறவள் நான். திரும்பிப் போகிற டிக்கெட், பினாங்கில் போட்டிருந்த ரூம், அவர் பட்டறை வாசலில் எடுத்த போட்டோ, பெண்ணோடு நாங்கள் நிற்கிற போட்டோ என்று கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் காட்டினேன். "சொந்தப் பட்டறைங்க. எட்டுப் பேர் அவருகிட்ட வேலை பாக்கறாங்க. நாங்க சுத்திப் பாக்க வந்தமுங்க" என்றேன். காலை ரயிலில் வந்தவர் இவ்வளவு நேரம் ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். டீப் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சிரிப்பு வந்தது: "பிளேன்ல வந்திருந்தா ரெண்டு பேரும் ஒரே நாட்டுல இருந்திருப்பீங்களேம்மா?"

படகில் ஒரு மந்திரம்

அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு. வெயில் சாய்ந்து, கடல் தகதகவென்றிருந்தது. ரயிலில் வரும்போதே என் போன் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார். படகில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு இலக்கம் தடுமாறும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் கடலைப் பார்க்கிற மாதிரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே பினாங்குத் தமிழம்மா ஒருத்தர், மார்க்கெட் பையோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. இவரையே பார்த்துக்கொண்டு வந்தவர், படகு கரையை நெருங்கும்போது என் பக்கம் சாய்ந்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரரு ரொம்ப பக்தியா இருக்காரே, அது எந்தச் சாமி மந்திரம்மா?"

ஷிப்மெண்ட் லேட்டானால் விமானத்தில் ஏற்றி அனுப்பி எப்படியாவது சமாளித்துவிடுவேன், புருஷன் லேட்டானால் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எந்த மெர்ச்சண்டைசராலும் ஒன்றும் செய்ய முடியாது.