லிண்ட்னரின் தாள்

துபாய் அல் குசைஸில் விசா விண்ணப்பம், சான்றிதழ் வேலைகள் செய்துகொடுக்கும் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர். இருபது வருடமாக முத்திரையும் கையெழுத்தும் பார்த்துப் பழகிய கண், அவரை ஒரு விசித்திரமான சேகரிப்பில் கொண்டுபோய் விட்டது: முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பதக்கத்தோடு கொடுத்த சான்றிதழ்கள். பதக்கம் யாருடையது என்று பதக்கம் சொல்லாது, தாள்தான் சொல்லும் என்பார்.

ஓட்டோ லிண்ட்னர் என்ற சிப்பாயின் 1917ஆம் வருடத்து இரும்புச் சிலுவைப் பதக்கத்துக்கான தாள் அவரிடம் இருந்தது. இணையத்தில் அதன் படத்தைப் பார்த்து லிண்ட்னரின் பேத்தி ஹெல்கா எழுதினார். வயது எழுபத்தாறு. தாத்தாவின் பொருள் எதுவும் வீட்டில் மிஞ்சவில்லையாம். மார்ச்சில் துபாய் வழியாகப் போகிறேன், ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தாளையே தந்துவிடுகிறேன் என்று இவர் பதில் எழுதினார்.

மறுவாரம் வீட்டில் அலமாரியைத் திறந்தார். தாள் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் இருந்தது.

"ஷம்சாத்து, யாரு செஞ்சது இது?"

"நான்தாங்க," என்றாள் மனைவி. "கீழே கடையில குடுத்து லேமினேட் பண்ணேன். மடிப்புல கிழியப் பாத்துச்சு. புள்ளைங்க மார்க் ஷீட்டெல்லாம் அப்படித்தானே வச்சிருக்கோம்?"

அவரால் கோபப்பட முடியவில்லை. லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது என்று வருகிறவர்களிடம் தினமும் தலையில் அடித்துக்கொள்பவர், வீட்டில் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

"காக்கா, கலாஸ், முடிஞ்சு போச்சு. வேற தாள் ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க," என்றான் டைப்பிங் சென்டரில் உடன் வேலை பார்க்கும் ரிபாய். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் ஊர் வழக்கம்.

"வேற தாள்ல லிண்ட்னர் பேரு இருக்குமா?"

அதே காலத்து ஜெர்மன் ரேஷன் படிவங்களை மலிவாக வரவழைத்தார். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே லேமினேட் செய்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி, மெல்லிய கத்தியால் உரித்துப் பழகினார்.

"நல்ல தாளுக்குப் பிளாஸ்டிக் போட்டுப் பிளாஸ்டிக் கழட்டுறாரு. ஆளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று ரிபாய் வாடிக்கையாளர்களிடம் சொன்னான்.

முதல் பதினொன்று கிழிந்தன. பன்னிரண்டாவதில் சூட்டின் அளவு பிடிபட்டது. முப்பதுக்குப் பிறகுதான் லிண்ட்னரைத் தொட்டார். விரல்நக அளவு உரிப்பார், ஆற விடுவார். கருப்பு மை அசையவில்லை. முத்திரையின் ஊதா மை மட்டும் படலத்தோடு எழும்பியது. உடனே கையை எடுத்தார். முத்திரையைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை மட்டும் வட்டமாக வெட்டி, அந்த இடத்தில் இருந்ததை அப்படியே விட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் ஹெல்காவுக்கு எழுதினார். வருகிறேன் என்று மட்டும் பதில் வந்தது.

ஓட்டல் வரவேற்பறையில் தாளை அவர் முன் வைத்தார். முத்திரைமேல் இருப்பதை மட்டும் யாரும் உரிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். ஹெல்கா கேட்டதாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாத்தாவின் பெயரின்மேல் விரலை வைத்திருந்தார்.