தண்ணீர் ஏறாத வரிசை

அந்தப் பழைய ஊரின் கீழ்ப்பாதி இப்போது அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. மேற்பாதியில் கோட்டை மதிலும், கூரை போன வீடுகளும், தையல்காரியின் வீடும் மிஞ்சின. படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவள் வீட்டுக் கொடியில் துணி காய்வதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. புகைப்படம் கெடுகிறதாம்.

அணை கட்டும் முன் அளவெடுக்க வந்தவர்கள் அவள் தெருவின் நடுவே சிவப்புக் கோடு போட்டார்கள். இடது வரிசை முழுகும், வலது வரிசை தப்பும். தையல்காரி வலது வரிசை. நேர் எதிரே, இடது வரிசையில், அவள் தங்கை புருஷனோடு இருந்தாள். தங்கைக்குப் புது நகரத்தில் வீடு கொடுத்தார்கள்.

"இனி இங்க கடைகண்ணி இருக்காது, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. எங்களோட வந்துடுக்கா" என்றாள் தங்கை.

"என் வீட்டுக்குத்தான் தண்ணி வரலையே. நான் எதுக்குப் போகணும்?"

"அப்ப தண்ணியையே கட்டிக்கிட்டு அழு. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். இவளும் போய்ப் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் இருவரும் அச்சு அசல் ஒரு தாய் மக்கள். வலது வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். கல்யாணம் ஆகாத தையல்காரி மட்டும் தையல் மெஷினோடு தங்கினாள். படகோட்டி அரிசியும் நூல்கண்டும் கொண்டுவருவார். படகின் மேல்விரிப்பும் இருக்கை உறையும் அவள் தைத்துக் கொடுப்பாள். யாராவது பரிதாபப்பட்டால், "வேலை தலைக்கு மேல கெடக்கு" என்று மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுவாள்.

பல வருஷம் கழித்து, ஒருமுறை மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கியது. முழுகிய வீடுகளின் சுவர்கள் சேறு அப்பிக்கொண்டு வெளியே வந்தன. கூட்டம் கூடியது. ஒரு நாள் புது நகரத்துப் பெண்கள் படகு நிறைய வந்தார்கள். அதிலிருந்து இறங்கிய தலை நரைத்த ஒருத்தி, மற்றவர்களோடு மேலே ஏறாமல் இடது வரிசைப் பக்கம் நடந்தாள். தையல்காரி ஜன்னல் வழியே பார்த்தாள். நடையை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஊசி குத்திய துணியை மெஷினில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

தங்கை தன் பழைய வாசலை எட்டுவதற்குள் முழங்கால் வரை சேற்றில் புதைந்துபோனாள்.

"அசையாதடி. அசைஞ்சா இன்னும் உள்ள போகும்" என்று தையல்காரி அவள் கையைப் பிடித்தாள். படகோட்டி இன்னொரு கையைப் பிடித்தார். இழுத்த இழுப்பில் மூன்று பேரும் மல்லாந்தார்கள். செருப்பு இரண்டும் உள்ளேயே போய்விட்டன.

"வீட்டைப் பாக்கணும்னு தோணிச்சு" என்றாள் தங்கை.

"பாத்தாச்சா?"

"எங்க? கூடத்துல ஆளுயரத்துக்குச் சேறு."

கழுவிக்கொள்ள அவள் அக்காவின் வாசப்படியை மிதித்தாக வேண்டியிருந்தது. மிதித்தாள். தையல்காரி மாற்றுத்துணிக்குப் பெட்டியைத் துழாவினாள். எதுவும் சரிவராதென்று இருந்த துணியை வெட்டி ஒரு பாவாடை தைக்க உட்கார்ந்தாள்.

"அளவு எடுக்கலையா?"

"உன் அளவு எனக்குத் தெரியாதா?"

தைத்து முடித்ததைத் தங்கை போட்டுப் பார்த்தாள். இடுப்பைத் தாண்டி ஏறவில்லை. தையல்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஊதியிருக்கே."

"ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன். நீ வந்து பாத்தாத்தானே தெரியும்."

தையல்காரி பாவாடையை வாங்கிக்கொண்டாள். தையலைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்து மறுபடி தைத்தாள். கீழே படகோட்டி கூப்பிட்டார். தங்கை வெறுங்காலோடு போய்ப் படகில் ஏறினாள். "வர்றேன்" என்றாளே தவிர, கூட வரச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தையல்காரி தானாகவே படகேறிப் புது நகரத்துக்குப் போனாள். தங்கையின் பிள்ளைகள் பெரிய ஆட்களாக இருந்தார்கள். பெரியம்மா என்று அழைக்கவே கூச்சப்பட்டார்கள். தெருச்சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் திரும்பிவிட்டாள். தங்கை தடுக்கவில்லை.

பிறகு மழை பெய்து இடது வரிசை மீண்டும் முழுகியது. படகு ஓடாத மழை மாதங்களில் மட்டும் தையல்காரி தங்கை வீட்டில் இருப்பது வழக்கமாயிற்று. அங்கே இருவரும் தினமும் எதற்காவது சண்டை போட்டார்கள்.