தண்ணீர் வால்வு

பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, காந்தலில் வாடகைக்கு விட்டிருந்த என் வீட்டுக்கே குடிபோக நினைத்தேன். குடியிருந்தவர் அசையவில்லை. நோட்டீஸ் விட்டேன், வழக்குப் போட்டேன். வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருடம் போனது. வயிற்றெரிச்சலில் ஒரு நாள் அந்த வீட்டின் தண்ணீர் வால்வை மூடிவிட்டேன். அவர் புகார் கொடுத்தார். ஒரே வாரத்தில் கோர்ட் உத்தரவு வந்தது, தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி, எனக்கு.

"கேஸ் நடக்கறப்ப தண்ணிய அடைப்பாங்களா? இனி உங்க பக்கம் பேச எனக்கு வாயில்லீங்க," என்றார் என் வக்கீல்.

உறைபனிக் காலையில் போய்த் திறந்தேன். சத்தம் கேட்டுக் குடியிருந்தவர் வெளியே வந்தார். "ஏனுங்க சார், குளுருல நிக்கறீங்க? உள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போங்க."

என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய், அவர் உட்காரச் சொல்லும்வரை நின்றேன்.