சொந்தக் கடையில் கை நனைக்காதவர்

திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டைச் சுற்றிப் பிழைத்தவர்களில் வக்கீல்களுக்கு அடுத்த இடம் சோற்றுக்கடைக்காரர்களுக்கு. இந்த மகத்தான உண்மையைத் தனியொருவராகக் கண்டுபிடித்தவர் ஸ்ரீரங்கம் சௌரிராஜ ஐயங்கார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அவர், மருங்காபுரியிலிருந்தும் வையம்பட்டியிலிருந்தும் விடியுமுன் கிளம்பி வரும் கட்சிக்காரர்களைப் பல வருஷம் உற்றுப் பார்த்தார். அவர்களுக்கு நியாயம் என்றைக்காவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மத்தியானச் சோறு கிடைத்தே ஆக வேண்டும். வாய்தாவைத் தள்ளி வைக்க ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. வயிற்றைத் தள்ளி வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

முப்பத்து நாலாம் வருஷம் கோர்ட்டுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்திவந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர், போதும் என்று ஊருக்குக் கிளம்பினார். சௌரிராஜன் உத்தியோகத்தை உதறினார். மனைவி கோதைநாயகிக்குப் பிறந்தகம் கொடுத்திருந்த வடக்குச் சித்திரை வீதி வீட்டை அடமானம் வைத்தார். கடையை வாங்கினார். பெஞ்சுகள், அண்டாக்கள், சமையற்காரர் அப்பண்ணா, அப்பண்ணாவின் வெங்காய சாம்பார் எல்லாம் அதில் அடக்கம்.

"உங்களுக்குச் சமையலைப் பத்தி என்ன தெரியும்? நம்மாத்து அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முழிப்பேள்" என்றாள் கோதைநாயகி.

"நான் சமைக்கவா போறேன்? விக்கத்தானே போறேன்?"

"வெங்காயமெல்லாம் போடறாளாமே?"

"கட்சிக்காரன் திங்கறான். நமக்கென்ன வந்தது?"

நமக்கு என்ன வந்தது என்பதைச் சொல்வதற்கு முன் ஐயங்காரின் ஆசாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பரான்ன நியமம். அதாவது, பிறர் சமைத்ததைத் தொடமாட்டார். முதலில் அம்மா கை, பிறகு மனைவி கை. மூன்றாவது கை கிடையாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்திலேயே இரண்டு வாழைப்பழத்தோடு எழுந்தவர். இந்தப் பெருமையினால்தான், நண்பர் ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் நடக்கும் பிரபந்த கோஷ்டியில் முதல் வரிசையில் முதல் ஆளாக அவர் உட்கார்ந்து ஆழ்வார் பாசுரங்களைச் சேவித்துவந்தார். அப்படிப்பட்டவர் சோற்றுக்கடை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வியாபாரம் தெரியாது. தலையில் ஒரு மயிரும் இல்லாதவர் சீப்பு விற்பதில்லையா?

ஆக, தினமும் காலையில் வந்து கல்லாவில் உட்காருவார். கூஜாவில் காவேரி ஜலம் கொண்டுவருவார். மத்தியானம், இலைகள் நிறைந்து, கூட்டம் வாசல்வரை நெரிகிற நேரத்தில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறுவார். பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், மனைவி கையால் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு திரும்பி வருவார்.

கொஞ்ச காலம் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் சாதாரண ஜனங்கள் அல்ல, வழக்காடுகிறவர்கள். பக்கத்து வயலின் வரப்பு ஒரு விரற்கடை நகர்ந்ததைக் கண்டுபிடித்துக் கோர்ட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் கண்ணில் ஒரு முழு ஐயங்கார் தப்ப முடியுமா?

"எங்க போறாரு முதலாளி?"

"சாப்பிடத்தான்."

"யாரு, சோத்துக்கடை முதலாளியா? சாப்பிடவா? ஜட்கா வச்சுக்கிட்டா?"

"அட ஆமாங்கறேன். தெனமும் போறாரு. கடைத் தண்ணியக்கூட வாயில ஊத்த மாட்டாரு."

அன்றைக்கே பிராது தயாராகிவிட்டது. சோற்றில் என்னமோ கலக்கிறார்கள் என்றார் ஒருவர். பல்லி விழுந்த சமாசாரம் முதலாளிக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், நிலத்தகராறில் பழுத்த ஆசாமி, சமையற்கட்டுக்கே போய் அப்பண்ணாவைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"நீர் இங்கதான் சாப்பிடுறீரா?"

"பின்னே? என் தொந்தியைப் பாத்தா தெரியலையா?"

"சம்பளக்காரன் சாட்சி செல்லாது" என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். அவரோடு அவருடைய கட்சியும் வெளியேறியது. ஆச்சரியம் என்னவென்றால் எதிர்க்கட்சியும் கூடவே போயிற்று. பல வருஷங்களாக எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பையும் ஒன்றுசேர்த்த புண்ணியம் ஐயங்காரைச் சேரும்.

அவர் சும்மா இருந்திருக்கலாம். விளக்கம் சொன்னார். "நான் வெளியில யார் சமைச்சாலும் சாப்பிடறதில்லை ஓய், அது எங்க ஆசாரம்" என்றார். "அப்ப உங்க ஒடம்புக்கு ஆகாதது எங்க ஒடம்புக்கு ஆகுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, வந்த கட்சிக்காரர் அடுத்த தெருக் கடைக்கு நடந்தார். விளக்கம் வளர வளர பெஞ்சுகள் காலியாயின. வடித்த சோறு அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. ஐயங்கார் மட்டும் வழக்கம்போல ஜட்காவில் போய்ச் சாப்பிட்டு வந்தார். அந்த வருஷத்தில் கடையால் ஒழுங்காகப் பிழைத்தவன் ஜட்காக்காரன் ஒருவனே.

இதற்கிடையில், வீட்டை அடமானம் வாங்கியிருந்த சடகோபன் அடிக்கடி வரத் தொடங்கினார். அவர் கோதைநாயகிக்கு ஒன்றுவிட்ட அண்ணா முறை. சண்டை போடமாட்டார், சத்தம் போடமாட்டார். கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்.

"சுவர் நன்னா இருக்கு கோதே. என் பேரன் காலம்வரைக்கும் வரும்."

அவர் போனபின் கோதைநாயகி அவர் தட்டிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டு நிற்பாள். ஆடி முடிவதற்குள் பணம் வராவிட்டால் வீடு சடகோபனுடையது.

கடையை விற்றுவிடலாம் என்றால், வாங்க வந்த ஒவ்வொருவரும் அண்டாவைப் பார்த்தார், பெஞ்சை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் ஐயங்கார் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் இங்க சாப்பிடறதில்லே?" என்றார். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒருவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் ரயில் ஏறினார். ஐயங்கார் மெலிந்தார். கல்லாவில் உட்கார்ந்து ஈயோடு பேசினார். ரங்கநாதனிடம், கடையை எப்படியாவது தள்ளிவிடு என்று வேண்டிக்கொண்டார். படுத்திருப்பவரிடம் அவசரம் சொல்லி என்ன பிரயோசனம்?

ஆடி தேய்ந்துகொண்டிருந்தபோது வையம்பட்டி மருதை வந்தார். அவருடைய கிணற்று வழக்கு அவர் மகனைவிட மூத்தது. எப்படியும் ஆயுசு முழுக்கக் கோர்ட்டு வாசலில்தான் என்று ஆகிவிட்டது, அங்கேயே ஒரு கடை இருந்தால் நல்லது என்பது அவர் யோசனை.

"வாங்கிக்கறேன் சாமி. அப்பண்ணாவும் இருக்கட்டும். ஆனா கெட்ட பேர நான் வாங்க மாட்டேன். நாளைக்கு மத்தியானம், கோர்ட்டு சனம் பூரா பாக்க, நீங்க எல போட்டு ஒக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டு முடிச்சதும் பணம்."

"மருதை, என் நியமம்…"

"உங்க நியமத்த நான் வெல பேசல சாமி. கடையத்தான் பேசுறேன்."

அன்று ஐயங்கார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கோதைநாயகி கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். மறுநாள் காலையில் கோஷ்டி முடிந்து வந்தவர் சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். அடுப்பு மெழுகிக் கோலம் போட்டுச் சில்லென்று இருந்தது.

"தளிகை ஆகலையா?"

"இல்லை."

"மத்தியானம் நான் எங்கே சாப்பிடறது?"

"அதான் கடை வாங்கி வச்சிருக்கேளே" என்று சொல்லிவிட்டு, அவள் சடகோபன் தட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பியிருப்பார்.

மத்தியானம் கடை கொள்ளாத கூட்டம். வாய்தா உள்ளவர்கள், இல்லாதவர்கள், பெயிலில் வெளியே வந்த இரண்டு பேர், ஐயங்காரின் பழைய வக்கீல் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பண்ணா நுனி இலை போட்டார். சோறு விழுந்தது. அதன்மேல் வெங்காய சாம்பார். ஐயங்கார் கண்ணை மூடி, மந்திரம் சொல்லி, இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் செய்து, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

தீர்ப்பு வாசிக்கும்போதுகூட அந்தக் கோர்ட்டில் அத்தனை நிசப்தம் இருந்ததில்லை.

அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"என்ன சாமி, கண்ணு கலங்குது?" என்றார் மருதை. மடியில் பணத்தின்மேல் இருந்த அவர் கை இறுகியது. "சோத்துல எதுனாச்சும்…"

பின்னாலிருந்து ஒருவர், "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். வாசலில் நின்றவர்கள் நகரத் தொடங்கினார்கள். ஐயங்காருக்குக் கூடத்துச் சுவரும் அதில் சாய்ந்திருந்த முதுகும் கண்ணில் வந்தன. கவளத்தை விழுங்கினார். கண்ணைத் துடைக்காமலே கையை நீட்டினார்.

"அப்பண்ணா! சாம்பார் இன்னும் கொஞ்சம் விடும்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. மருதை மடியை அவிழ்த்தார். பழுத்த நிலத்தகராறுக்காரர் முதல் ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து தமக்கும் இலை கேட்டார்.

பணம் நேராகச் சடகோபன் கைக்குப் போயிற்று. பத்திரம் கோதைநாயகியின் பெட்டிக்குத் திரும்பியது. அன்று சாயங்காலம் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். உள்ளே வரவில்லை, தெருவில் நின்றபடியே கூப்பிட்டார்.

"சௌரி, நாளையிலேர்ந்து கோஷ்டிக்கு வந்து சிரமப்பட வேண்டாம்."

"பிராயச்சித்தம் பண்ணிக்கறேன் ஸ்வாமி. ஆபத்துக்காக ஒரு வாய்…"

"ஒரு வாய்னா ஆபத்துன்னு சொல்லலாம். ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினீராமே?"

சௌரிராஜனால் அதற்கு விளக்கம் சொல்லியிருக்க முடியும். விளக்கத்தினால் கடை போன கதை தெரிந்தவர், ஆகையால் கைகூப்பிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை, நாலு வீடு தள்ளி அவர் இல்லாமல் கோஷ்டி தொடங்கியது. அவர் கூடத்தில் உட்கார்ந்து கூடவே வாயசைத்தார். உள்ளே கோதைநாயகி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.