இடது பக்கத்து பிரேக்

ஈப்போவில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் தான்தான் என்பது தர்மேந்திரனின் கணக்கு. ஈப்போக்காரர்கள் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது பெருமையா குற்றச்சாட்டா என்று சந்தேகம் வரலாம். அவனுக்கு வந்ததில்லை. ஐம்பத்தேழு வயதிலும் டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியே பகல் பொழுதைக் கழித்துவந்தான். கற்றுக்கொள்ளும் பிள்ளை கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், "மெதுவா லா, எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்பான்.

பாராட்டும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும். ஒருநாள் அவன் அந்தக் காலை பிரேக்கிலிருந்து எடுத்து, இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொள்வான். வாயைத் திறக்க மாட்டான். அவ்வளவுதான், அந்தப் பிள்ளை டெஸ்ட்டுக்குத் தயார். "சார் கால மடக்கிட்டாரு" என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள், பிரியாணி ஆக்குவார்கள்.

அவன் சொல்லிக்கொடுக்காத ஒரே ஆள் மனைவி மங்களம். கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். "நான் இருக்கேன்ல, ஒனக்கு எதுக்கு?" என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. பேச்சு முடிந்தது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இப்படி நத்தை வேகத்தில் பிழைப்பு நடத்திய மனிதனிடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் இருந்தன.

முதல் கார் சிவப்பு. மகள் துளசி ஆரம்பப் பள்ளியில் படித்தபோது வாங்கியது. அப்போதே அது பழசு. ஜப்பான்காரன் செய்தது, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம், இரண்டே சீட்டு. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மங்களம் சுற்றிவந்து பார்த்தாள். "வீட்டுல மூணு பேரு. காருல ரெண்டு சீட்டு. யார விட்டுட்டுப் போறதா உத்தேசம்?" என்றாள். அவன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தனியாகவே போனான். தாப்பாவுக்குப் போய், கேமரன் மலைக்கு ஏறும் ரோட்டில் வளைவு வளைவாக ஏறி, அருவிக்குப் பக்கத்தில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று குடித்துவிட்டு இறங்கிவிடுவான். வாரம் பூராவும் அமுக்கி வைத்திருந்த கால் அங்கேதான் நீளும்.

இரண்டாவது கார் வெள்ளை. அதே கம்பெனி, இருபது வருஷம் பிந்தியது. போன வருஷம் அவனுடைய இடது முட்டி தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். சிவப்புக் காரின் கிளட்சை மிதித்து மலை ஏறிவிட்டு வந்தால் இரண்டு நாள் நொண்டினான். ஆகவே கிளட்ச் இல்லாத ஆட்டோ கார், இதுவும் யாரோ ஓட்டி விற்றதுதான். சிவப்பை விற்பதற்கு முன்பே வாங்கிவிட்டான். அங்கேதான் வினை.

அதன் பிறகு அவன் வாயில் வேறு பேச்சே இல்லை. சிவப்பில் சாவியைத் திருகினால் உறுமும்; வெள்ளையில் பட்டனை அமுக்கினால் ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரி ஒரு மணி அடிக்கும். சிவப்பின் முன்விளக்குகள் படுத்திருந்து எழும், அதிலும் ஒன்று சற்றுத் தாமதமாக, வேலைக்குப் போக மனமில்லாதவன் எழுவதுபோல எழும். வெள்ளையின் விளக்கு எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைதான் வேகம். அதை அவன் மறைக்கவில்லை. மலை வளைவில் அது ஒட்டிக்கொண்டு போகும், எங்கேயாவது வழுக்கினால் தானே சரிசெய்துகொள்ளும், முன்னால் போகிறவனை நெருங்கினால் தானே பிரேக் போடும். அவனுக்குப் பிடிக்காதது அதுதான்.

"உள்ள எவனோ ஒருத்தன் ஒளிஞ்சு ஒக்காந்துகிட்டு பிரேக்க அமுக்குறான் மங்களம். நான் என்ன பச்சப்புள்ளையா?"

"பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்து பிரேக் அமுக்கினா எரிச்சலாத்தான் இருக்கும்," என்றாள் மங்களம்.

அவனுக்கு அது உறைக்கவில்லை. வெங்காயம் நறுக்கியபடி சொன்னதால் சாதாரணமாகத்தான் கேட்டது.

வீட்டுப் போர்ச்சில் ஒரு கார்தான் நிற்கும். இன்னொன்று ரோட்டோரம், தார்ப்பாய்க்கு அடியில். காலையில் எதை எடுப்பதென்றாலும் முதலில் மற்றதை நகர்த்த வேண்டும். குப்பை லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடிக்கும். ஒருநாள் மங்களம் சொல்லிவிட்டாள்: தீபாவளிக்குள் ஒன்று போக வேண்டும், எது என்று அவனே முடிவு செய்யலாம்.

அவனால் முடியவில்லை. முட்டி வெள்ளை என்றது. மற்ற எல்லாம் சிவப்பு என்றன. தூங்காமல் கண் உள்ளே போய்விட்டது. கடைசியில் அவன் குடும்ப வழக்கப்படி பூ கேட்பது என்று தீர்மானமாயிற்று. சிலிம் ரிவர் பக்கத்தில் அவன் பிறந்த தோட்டம் இருக்கிறது. ரப்பர்ப் பால்மரமெல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் லயங்களையும் இடித்துவிட்டார்கள், முனீஸ்வரர் கோயில் மட்டும் மிச்சம். அவன் அப்பா தோட்டத்தை விட்டுக் கிளம்பியதும், ஈப்போவில் வீடு வாங்கியதும், துளசியைத் தாப்பாவில் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் அங்கே பூ கேட்டுத்தான். இரண்டு வெற்றிலையில் இரண்டு நிறப் பூவை மடித்து நூலால் கட்டி, முனீஸ்வரர் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது என்ன நிறமோ அதுதான் தீர்ப்பு. சிவப்பு அரளி வந்தால் சிவப்புக் கார் தங்கும், வெள்ளை அரளி வந்தால் வெள்ளைக் கார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மங்களம் குளிக்கப் போன நேரத்தில் தர்மேந்திரன் சமையலறை மேசையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினான். இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்தான். சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவன் நினைக்கவில்லை. இத்தனை தோட்டத்துச் சனங்களின் குறையைக் கேட்கிற சாமிக்கு ஒரு வேலையைக் குறைத்துக்கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தான். பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டு, வெளியே போய் வெள்ளைக் காரைத் துடைத்தான். முட்டி வலி அதிகமாக இருந்ததால் அன்றைக்கு இருவருக்கும் வெள்ளையில்தான் பயணம். கைவிடப் போகிற காரிலேயே கோயிலுக்குப் போவது அவனுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நன்றாகவே துடைத்தான்.

கோயில் பூசாரி கனகராஜ், தர்மேந்திரனோடு ஒன்றாகத் தோட்டத்தில் வளர்ந்தவன். சுருட்டைப் பற்றவைத்து முனீஸ்வரர் முன்னால் வைத்தான், எலுமிச்சம்பழத்தை எடுத்துவைத்தான், கற்பூரம் காட்டினான். வந்த விஷயத்தைக் கேட்டபோது அவன் முகம் மாறவில்லை. காருக்காகப் பூ கேட்டவர்களை அவன் நிறையப் பார்த்திருந்தான். லாரிக்காகக் கேட்டவர்களே அதிகம்.

"மனசுல நெனச்சுக்கிட்டு எடு மச்சான்."

தர்மேந்திரன் கண்ணை மூடி, மனமுருக வேண்டி, ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கனகராஜ் நூலை அறுத்து வெற்றிலையைப் பிரித்தான்.

வெள்ளை அரளி.

தர்மேந்திரனுக்கு இருக்க முடியாது என்று சொல்ல வாய் வந்தது. ஏன் இருக்க முடியாது என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டான். அருவாளோடு நின்ற முனீஸ்வரரை நிமிர்ந்து பார்த்தான். முறுக்கிய மீசைக்குக் கீழே சாமி சிரிப்பதுபோல இருந்தது. ஐம்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு உண்மையான பக்தி வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இன்னொன்ன பிரிக்க வேணாம்," என்றான் அவசரமாக.

"ஆமா, பிரிக்க வேணாம். ஆத்துல விட்டுடலாம்," என்றாள் மங்களம், அதைவிட அவசரமாக.

அதற்குள் கனகராஜ் பிரித்துவிட்டான். காருக்குப் பூ வைக்க வேண்டும், பூவை எதற்கு வீணாக்குவது என்பது அவன் எண்ணம். அதுவும் வெள்ளை.

மூவரும் இரண்டு வெள்ளை அரளியையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கேயோ ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

"நான் செவப்புதான் வெச்சேன்," என்றான் தர்மேந்திரன். "ரெண்டும்" என்ற சொல்லை விழுங்கப் பார்த்தான்.

"தெரியும். ரெண்டும் செவப்பு. நீங்க வெளிய கார் தொடைக்கையில பிரிச்சுப் பார்த்தேன். ஒங்கள எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒன்ன மட்டும் மாத்தி வெச்சிருக்கலாம்ல? அதான நியாயம்?"

"நீங்க நியாயமாவா கட்டினீங்க?"

கனகராஜ் தொண்டையைச் செருமினான். "அப்ப சாமி இதுல ஒன்னுமே சொல்லல. ஒங்க சண்டையில என்ன இழுக்காதீங்கன்னு ஒதுங்கிட்டாரு, அவ்வளவுதான்."

"ஒனக்கு எதுக்கு வெள்ளக் காரு?" என்று கேட்டான் தர்மேந்திரன். கேட்டு முடிக்கும்போதே, இதே மாதிரி ஒரு கேள்வியை எப்போதோ கேட்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

மங்களம் கையை நீட்டினாள். சாவிக்காக. "அது ஆட்டோ. எனக்கு ஆட்டோ லைசென்ஸ்தான் இருக்கு."

"லைசென்ஸா? எப்ப?"

"சனிக்கெழமையானா துளசி வீட்டுக்குப் போவேன்ல. தாப்பாவுலதான் கத்துக்கிட்டேன். சாந்தினி சொல்லிக் குடுத்தா. நீங்க பழக்கின புள்ளதான், இப்ப அங்க டிரைவிங் டீச்சரா இருக்கா." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒங்க முட்டிக்காகத்தான் கத்துக்கிட்டேன்னு சொல்லலாம்னு வந்தேன். பொய்யி. எனக்கு ஆச. அன்னிக்கே ஆச."

தர்மேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. சாமி முன்னால் பொய்ப் பூ வைத்தபோது வராத வெட்கம். தாப்பா வழியாக அத்தனை ஞாயிறு தனியாகப் போய்வந்திருக்கிறான், சனிக்கிழமைகளில் அதே ஊரில் அவள் வண்டி ஓட்டியிருக்கிறாள்.

"இப்ப எந்தக் காருக்கு மால?" என்று கேட்டான் கனகராஜ், கையில் மாலையோடு.

சிவப்புக் காரை நினைத்துக்கொண்டான் தர்மேந்திரன். தாமதமாக எழும் அந்த ஒற்றை விளக்கையும் நினைத்துக்கொண்டான். பிறகு மாலையை வாங்கி வெள்ளைக் காரின் முகத்தில் தானே போட்டான். சாவியை அவள் கையில் வைத்தான்.

கனகராஜ் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். மங்களம் சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, பெல்ட்டைப் போட்டு, பட்டனை அமுக்கினாள். ஆஸ்பத்திரி லிஃப்ட் மணி அடித்தது. பழம் நான்கும் ஒழுங்காக நசுங்கின. தர்மேந்திரன் இடது பக்கத்தில் உட்கார்ந்து, தொழில் புத்தியோடு ஒரு தப்பைத் தேடினான். சிக்னல் போட்டாள். தோள் திருப்பிப் பார்த்தாள். செம்மண் ரோட்டில் கல்லுக்குக் கல் ஒதுங்கி, வண்டியின் வயிறு உரசாமல் கொண்டுபோனாள். வரும்போது அவன் இரண்டு தடவை உரசியிருந்தான்.

பெரிய ரோட்டு முனையில் லாரிகள் வரிசையாக வந்தன. அவன் வலது கால் தரையை ஓங்கி அமுக்கியது.

"அங்க ஒன்னும் இல்லங்க," என்றாள் மங்களம் ரோட்டைப் பார்த்தபடியே.

"தெரியும்."

அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். கடைசி லாரி போகும்வரை பொறுத்திருந்து, ரோட்டில் ஏறி, ஈப்போ பக்கம் திருப்பினாள். வேகம் எடுத்தாள். அவன் கால் இன்னொருமுறை அமுக்கியது. அதற்கப்புறம் அமுக்கவில்லை. பீடோர் தாண்டும்போது, வலித்த முட்டியைக் கையால் பிடித்து, மெல்ல இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டான்.

மங்களம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியதால், ரோடு தெரிவதற்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.