மடியில் இருந்த மஞ்சள் ஓர்கிட்

யூரோ வந்த புதிதில், ஜெர்மனியின் ஹம் நகருக்குப் போகும் ரயிலில், எனக்கும் மனைவிக்கும் எதிரே ஒரு கிழவர் உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். என் மடியில் தோட்டக்கடையில் வாங்கிய மஞ்சள் ஓர்கிட் இருந்தது. பூ செருப்பு வடிவம்.

"இது காட்டுச்செடி. தோண்டுவது குற்றம். எங்கே எடுத்தாய்?" என்று ஜெர்மன் மொழியில் அதட்டினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. கடையில் வாங்கியது என்று நான் சொல்வதற்குள், ஊர்ச் சோதனைச்சாவடிகளில் பழகிய கை தானாகப் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

அவர் முகம் சிவந்தது. குனிந்து பூவைக் கண்ணாடியால் பார்த்தார்.

"எங்கள் காட்டுப் பூவுக்குப் பக்க இதழ்கள் கருஞ்சிவப்பு. இதற்குப் பச்சை கலந்த மஞ்சள், பழுப்புக் கோடுகள். அமெரிக்க வகை, தோட்டத்தில் வளர்ப்பது. மன்னியுங்கள்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நன்றி," என்றேன்.

"கள்ளன் எண்டு சொன்ன ஆளுக்கு என்னத்துக்கப்பா நன்றி சொன்னனீங்கள்?" என்று மனைவி சீறினாள்.

இறங்கும்வரை அந்த மனிதர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. அவர் போன பிறகுதான் பார்த்தேன், அட்டை இன்னும் என் கையில் இருந்தது.