பிறந்த வீட்டுக் கோடி

ரங்கூன் அலோன் படகுத்துறையில் தமிழும் பர்மியமும் ஒரே மூச்சில் பேசுகிறவர் சபாபதி. நாக்கு நீளம், நிதானம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அவர் மனைவி சொர்ணம்மாளுக்கு ரங்கூனில் உடன்பிறந்தவர் யாருமில்லை. தாமுவே பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பர்கத்துல்லா அவளுடைய ஊர்க்காரர். வளைகாப்புக்குச் சேலை கொண்டுவந்தவர் அவர்தான். "நான் செத்தா எம்மேல போத்துற பிறந்த வீட்டுக் கோடியும் அண்ணந்தான் கொண்டாரணும்" என்று சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் மதராஸிலிருந்து ஓர் இந்துச் சங்கத்தார் கப்பலில் வந்து இறங்கினார்கள். தங்கள் நாடு தங்கள் மதத்தாருக்கே என்பது அவர்கள் பேச்சு. இங்கே கோ பா டின் நடத்திய சங்கத்துக்கோ, பர்மா பர்மியருக்கே. அந்நியனே ஆகாது என்ற இரண்டு கூட்டமும் கடல் தாண்டிக் கைகோத்த கூத்தை என்னவென்று சொல்ல! முஸ்லிம்களைப் பிடிக்காது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். இவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரிய சபாபதி வேண்டியிருந்தது. கழுத்தில் மாலை விழுந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "சாயபு கடையில யாரும் துணி எடுக்காதீங்க" என்று இரண்டு மொழியிலும் முழங்கினார்.

"அண்ணன் கடையுமா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள்.

"பொதுக் காரியம்னா அதெல்லாம் பாக்க முடியுமா?"

கோ பா டினின் ஆட்கள் கடையை அடித்து நொறுக்கினார்கள். பர்கத்துல்லா தங்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார். மதராஸ் சங்கத்தாரும் வந்த வழியே போய்விட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சொர்ணம்மாள் காலராவில் போனாள். கூடியிருந்த பெண்கள், பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார்கள். சபாபதி ஒரு புதுச் சேலையோடு எங்களிடம் வந்தார். "யாராவது அண்ணன் முறைக்கு நின்னு போடுங்களேன்."

அது யாருடைய இடம் என்று தெருவுக்கே தெரியும். எனக்கும் கை எழவில்லை.

பாடை தெருமுனைக்கு வந்தபோது கோ பா டினின் ஆட்கள் மறித்தார்கள். சபாபதி ஓடிப்போய்ப் பர்மியத்தில் கெஞ்சினார். கோ பா டின் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

சபாபதி பழக்கதோஷத்தில் அப்படியே தமிழில் சொன்னார். "கலாப் பொணம் இந்தத் தெருவுல போகக் கூடாதாம். நானும் கலாதானாம்."

இந்தியர் எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர். சேற்றுச் சந்து வழியாகச் சுற்றிப் போனோம். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. சுடுகாட்டில் சொர்ணம்மாள்மேல் புருஷன் வீட்டுக் கோடி மட்டும் கிடந்தது. அந்தப் புதுச் சேலை கடைசிவரை சபாபதியின் கையிலேயே இருந்தது.